நாற்பதைத் தாண்டிய தலையில் நிதிப்பிரமாணம் ஏறுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகர், 2024 பெப்ரவரி 11

வயது 43. அரச அலுவலகமொன்றில் வேலை. அரச ஊழியர் எழுதவேண்டிய தடைதாண்டல் பரீட்சைக்கு இனியும் சாட்டுச் சொல்ல முடியாது. அரச ஊழியரின் சேவை விதிகளான தாபன விதிக்கோவையும் அரச பண விதிகளான நிதிப்பிரமாணமும் படிக்க வேண்டும். விதிக்கோவையை நான்கு தரம் வாசித்துவிட்டேன். ஐந்தாம் தரம் திறந்தால் முன்பின் பார்த்திராத புத்தகமாக இருக்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் மனம் மகளின் வகுப்புக் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை என்று போய்விடுகிறது. இருபது வயதில் ஒருமுறை கேட்டாலே பதிந்தது. வயது போனால் மூளை மங்கும் என்பதுதானே உண்மை? நினைவாற்றல் மாத்திரை எடுத்தவர்கள் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 12, காலை

தம்பி, உங்களைவிட எனக்கு நான்கு வயது அதிகம். இருப்பது கொழும்பு வெள்ளவத்தை. இந்த ஆண்டு பதவி உயர்வுக்கான போட்டிப் பரீட்சை ஒன்றுக்கு நானும் படிக்கிறேன். மாத்திரையைப் பிறகு பார்ப்போம். நான்கு தரம் வாசித்தீர்களே, ஒரு தரமாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இப்போது என்ன வாசித்தேன் என்று உங்களையே கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அநேகமாக எவரும் கேட்பதில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதையெல்லாம் தெரிந்தது என்று மனம் கணக்கில் எழுதிக்கொள்ளும். தினமும் சந்தியில் காண்கிற மனிதரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம் அல்லவா, அதுதான் உங்கள் ஐந்தாம் வாசிப்பு.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பந்தியை இரண்டு தரம் வாசித்தார்கள். இன்னொரு பந்தியை ஒரு தரம் மட்டும் வாசித்து, பிறகு பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தரம் வாசித்ததே வென்றது: 81 வீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழ். வாசித்ததில் 42 வீதம் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்ததில் 56.

எந்தப் பரீட்சைத் திணைக்களமும் ஐந்து நிமிடத்தில் பரீட்சை வைப்பதில்லை.

பெப்ரவரி 12, இரவு

எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு. ஒரு பிரிவை வாசிப்பேன். மூடுவேன். ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்களின் பின்புறத்தில், வந்ததை வந்தபடி எழுதுவேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புவேன். தொடக்கத்தில் தாள் முழுவதும் சிவப்பாகத்தான் இருக்கும். லீவு பற்றிய 12ஆம் அத்தியாயத்தைப் போல எளியதிலேயே அப்படி. இரண்டு நாள் விட்டு அதே பிரிவை எழுதுங்கள், வித்தியாசம் தெரியும்.

மஞ்சள் மையால் கோடிடுவதைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2013இல் டன்லோஸ்கி என்பவரும் உடனிருந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துத் தரப்படுத்தினார்கள். கோடிடுவதும் மறுவாசிப்பும் கீழ்த் தட்டில். தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் தட்டில். என் பழைய விதிக்கோவைப் பிரதி மஞ்சள் குளித்துக் கிடக்கிறது. மங்கலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெப்ரவரி 15

"வெள்ளைக்காரர் ஆராய்ச்சியைத் தூக்கிப் போடுங்கள், நம் பாட்டன்மார் மனப்பாடம் செய்தே பெரியவர்களானார்கள்" என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார். ஐயா, பாட்டன்மார் செய்ததும் இதைத்தான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் பாடம் கேட்பவனுக்கு வழி சொல்லியிருக்கிறார். கேட்டவற்றைத் திரும்ப நினைக்க வேண்டும், உடன் படிப்போரோடு பழக வேண்டும், வினவ வேண்டும், வினவியதற்கு விடை சொல்ல வேண்டும். ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்: ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பற்றும், உடன் பயில்வோரால் இன்னொரு கால், மிச்ச அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வரும். பங்கை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்றாலும் திசை சரி.

எடுத்துரைக்க ஆள் வேண்டுமே. எனக்கு அகப்பட்டவர் கணவர். கேள்விப்பத்திர (டெண்டர்) நடைமுறையைத் தொடங்கினால் அவருக்கு உடனே குளிக்க வேண்டும் போலிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு மனிதர் எத்தனை தரம் குளிப்பார்? இப்போது சுவருக்குச் சொல்கிறேன். சுவர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.

பெப்ரவரி 20

நேரமில்லை என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இல்லை. காலையில் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கும்வரை புகையிரதத்தில் நிற்கிறேன். புத்தகம் விரிக்க முழங்கைக்கு இடமில்லை. ஆகவே ஒரேயொரு கேள்வியை மனத்தில் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். இன்று: "பயணச் செலவு கோருபவர் எவற்றை இணைக்க வேண்டும்?" கடல் பக்கக் கதவில் தொங்கிய பையன்கள் என் உதடு அசைவதைப் பார்த்துத் தேவாரம் ஓதுகிறேன் என்று எண்ணியிருப்பார்கள், மரியாதையாக இடம் விட்டார்கள்.

100ஆம் இலக்க பஸ்ஸில் இது நடக்காது. நடத்துநரின் குரலும் பாட்டும் சேர்ந்தால் விதிக்கோவை மட்டுமல்ல, வீட்டு முகவரியே மறந்துவிடும்.

பெப்ரவரி 22

முன் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது நல்லது. ஆனால் சரிபார்க்காமல் விட்டால் பிழையான விடையும் அதே உறுதியோடு உட்கார்ந்துவிடும். கோட்டையில் இறங்கியதும் மேம்பாலப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துக்கொள்கிறேன். தள்ளிவிடுகிறார்கள்தான்.

மார்ச் 3

கொட்டாஞ்சேனைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: மூடி எழுதுவது பலிக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை.

மனம் நிற்காததற்கு எல்லோரும் தியானம் சொல்வார்கள். நான் முதலில் மேசையைப் பார்க்கச் சொல்வேன். கையில் கேள்வி இல்லாமல் வாசிக்க உட்கார்ந்தால் எவருக்கும் மனம் ஓடும். இருபது வயதுக்காரருக்கும் ஓடும், அவருக்கு ஓடிப் போய்ச் சேர இடம் வேறு. முதலில் கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு வினாவை எழுதி வையுங்கள், பிறகு அதற்கு விடை தேடி வாசியுங்கள். தேடிக்கொண்டிருக்கும் கண் அவ்வளவு எளிதில் தவணைப் பணத்துக்குப் போகாது. போனால், பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்து "லீசிங், வெள்ளிக்கிழமை" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

அடுத்தது கைத்தொலைபேசி. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு மற்றொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். எங்கள் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் பூக்களுக்கும் அது பொருந்தும். பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பெரியம்மாவின் முழங்கால் வலியும் கூட வந்துவிடுகிறது. படிக்கும் நேரத்தில் தொலைபேசி சமையலறையில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுப்பது எட்டு மணிக்கு. எட்டு மணிக்கு நானே போய் எடுத்துப் பேசுவேன். அம்மாவை அணைத்து வைக்க முடியாது.

நேரத்தைத் துண்டு போடுவதற்கு, இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ மணிக்கூட்டை வைத்துத் தொடங்கிய முறை உண்டு: 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. 25 என்பது வேத வாக்கு அல்ல. எனக்கு அரிசி வேகும் நேரம் போதுமானதாக இருக்கிறது.

மார்ச் 4

தக்காளி எங்கே வாங்கலாம் என்று கேட்டவருக்கு: வெள்ளவத்தைச் சந்தையில், கிலோக் கணக்கில். மணிக்கூடு எந்த வடிவத்தில் இருந்தாலும் ஓடும்.

மார்ச் 17

அட்டைகள் பற்றி. பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டினால் நல்ல கனமான அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. விடை இரண்டு வரிக்கு மேல் போனால் அது இரண்டு அட்டை. மணமக்கள் பெயருக்கு மேலேயே "முற்பணம் தீர்த்தல்" என்று எழுதவேண்டி வருகிறது, என்ன செய்வது.

அவற்றைப் போட்டு வைக்கும் முறை செபாஸ்தியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1970களில் பரப்பியது. பெட்டியில் ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், பிழைத்தால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாளாந்தம் பார்க்க வேண்டும்; பின் அறைகளை ஆறுதலாகப் பார்த்தால் போதும். என்னிடம் இருப்பது மலிபன் பிஸ்கற் தகரம், நடுவில் மட்டைத் தடுப்புகள். சில அட்டைகள் முதல் அறையை விட்டு அசைய மறுக்கின்றன. நிதி அதிகாரக் கையளிப்பு பற்றிய ஓர் அட்டைக்கு அங்கேயே குடும்ப அட்டை கொடுத்துவிடலாம்.

எவ்வளவு இடைவெளி விடுவது? பரீட்சை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் பரீட்சை என்றால் ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் ஆண்டு நினைவில் நிற்க வேண்டுமானால் சில வாரங்கள் விடலாம். கொஞ்சம் மறந்த பிறகு இழுத்து எடுப்பதில்தான் பலன். மறப்பதற்கு முன்பே பார்ப்பது மறுவாசிப்பின் தங்கைதான்.

மகள் சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். இரவில் தகரத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். சுவரைவிட நல்ல பரீட்சகர், ஆனால் இரக்கமே கிடையாது. "அம்மா, 'கிட்டத்தட்ட' என்பது விடையில் இல்லை" என்கிறாள்.

ஏப்ரல் 16

புத்தாண்டுக்கு யாழ்ப்பாணம் போய் வந்தேன். தகரத்தைக் கொண்டு போகவில்லை. விருந்து, கோயில், வேப்பமரத்து நிழல். திரும்பி வந்து பார்த்தால் பின் அறை அட்டைகளே தடுமாறுகின்றன.

இதைப் பார்த்துக் கைவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்காக எழுதுகிறேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து, மறக்கும் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி கரைகிறது என்பதை மட்டும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் அளந்த விதத்தைச் சொல்வதில்லை. மறந்த பட்டியலை மறுபடி மனனம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். அடியோடு போய்விட்டது என்று தோன்றுவதும் இரண்டாம் தரம் விரைவாக ஏறுகிறது. என் அட்டைகளும் மாத முடிவுக்குள் தத்தம் அறைக்குப் போய்விடும் என்று நம்புகிறேன். அந்தக் குடும்ப அட்டைக்காரர் தவிர.

ஏப்ரல் 28

சரி, மாத்திரை.

ஜிங்கோ என்ற இலைச் சாறு கலந்த மாத்திரைகளே இங்கே மருந்துக்கடையில் அதிகம் கேட்கப்படுகின்றன. 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து 2008இல் முடிவு வெளியானது: மறதி நோயை அது தடுக்கவில்லை. வல்லாரையைச் சொன்னவர்களுக்கு: நானும் சிறு வயதிலிருந்து சாப்பிடுகிறேன், தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பலாக. சோற்றுக்கு மிக நல்லது. விதிக்கோவைக்கு உதவியதாகத் தெரியவில்லை. கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளை நண்பரிடம் வாங்கி விழுங்கும் யோசனையை ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை அவை.

கோப்பி விழிக்க வைக்கும், உண்மை. ஆனால் குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக் கோப்பியில் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது.

விழுங்குவதை நிறுத்தினால் பலன் தரக்கூடிய ஒன்று உண்டு. தடிமனுக்கும் தும்மலுக்கும் நாமாக வாங்கிப் போடும் பிரிட்டோன் (Piriton) மாத்திரை மந்தமாக்கும். அதைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்து, மூளை மங்கிவிட்டது என்று அழுவதில் பொருளில்லை. மறதி திடீரென்று கூடியிருந்தால் இரத்தச் சோகை, தைரொயிட், பி12 குறைபாடு, சீனி வியாதி, மனச்சோர்வு இவற்றை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். என் வயதுப் பெண்களுக்கு இன்னொன்று: மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவு வியர்த்து நித்திரை உடையும், பகலில் சொற்கள் நாக்கு நுனியில் நின்றுவிடும். அலுவலகத்தில் இதை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் மூளை போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறாள்.

மே 26

வெசாக் கழிந்தது, வெளிச்சக்கூடுகள் இறங்கிவிட்டன, படிக்கலாம்.

ஒருவர் சதாவதானிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். புலோலி நா. கதிரைவேற்பிள்ளை நம்மவர், செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விடயங்களை ஒரே அமர்வில் கவனித்து விடை சொன்னவர். அவர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இன்றைய நினைவுப் போட்டிக்காரர்கள் செய்வது தெரியும்: பழகிய இடமொன்றை மனத்தில் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொருளை வைத்துவிட்டு வருவார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரண ஆட்களுக்கு இதை நாளுக்கு அரை மணி நேரம் வீதம் 40 நாள் பழக்கினார்கள். 72 சொற்களில் சராசரி 26 நினைவிருந்தவர்களுக்கு 62 நினைவிருந்தது.

நான் கரையோரப் புகையிரதப் பாதையை எடுத்தேன். விதிக்கோவையின் 48ஆம் அத்தியாயத்து ஒழுக்காற்று நடைமுறை: வெள்ளவத்தை மேடையில் ஒருவர் பூதக்கண்ணாடியோடு குந்தியிருக்கிறார், அது ஆரம்பப் புலனாய்வு. பம்பலப்பிட்டியில் பாய்மரம் அளவு குற்றப்பத்திரம் கடற்காற்றில் அடிக்கிறது. கொள்ளுப்பிட்டி வாங்கில் குற்றம் சாட்டப்பட்டவர் வியர்க்க வியர்க்கப் பதில் எழுதுகிறார். கொம்பனித்தெருவில் விசாரணை, சாட்சிகள் தண்டவாளத்தில் வரிசை. கோட்டையில் கட்டளை. கோட்டைக்கு முந்திய செயலகத் தரிப்பிடத்துக்கு வேலை கொடுக்கவில்லை. அதை உடனே கவனித்து முறைப்பாடு செய்தவருக்கு நன்றி.

ஒழுங்கு தவறக்கூடாத பட்டியல்களுக்கு மட்டுமே இது. விளக்கம் எழுதக் கேட்டால் பூதக்கண்ணாடிக்காரர் உதவ மாட்டார்.

ஜூன் 9

வயது போனால் மூளை மங்குமா என்ற முதற் கேள்விக்கு நான் இன்னும் நேராக விடை சொல்லவில்லை. வேகம் குறைவது உண்மை. இருபதுகளுக்குப் பிறகே மெல்ல இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமும் பொது அறிவும் அறுபது வரைக்கும்கூட வளர்கின்றன. ஆகவே மகளோடு போட்டிபோட்டு மனனம் செய்தால் தோற்பேன். ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது: இருபது ஆண்டுக் கோப்புகள்.

முன்பு நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் மடிக்கணினி ஒன்று காணாமற்போனது. யார் கையொப்பத்தில் வெளியே போனது என்பதற்குப் பதிவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆரம்ப அறிக்கைக்கான ஏழு நாளும் போயிற்று, முழு அறிக்கைக்கான மூன்று மாதமும் போயிற்று. பிறகு கணக்காய்வு வந்தது. நட்டங்களை அறிக்கையிடுவது பற்றிய 104ஆம் நிதிப்பிரமாணத்தை எனக்கு எவரும் மனப்பாடம் செய்து தர வேண்டியதில்லை; அந்த வாரம் அலுவலகத்தில் எவரும் மத்தியானம் சாப்பிடவில்லை.

தம்பி, உங்களிடமும் இப்படிக் கதைகள் இருக்கும். ஒவ்வொரு பிரமாணத்துக்கும் "இது எங்கே நடந்தது, யார் மாட்டினார்" என்று கேளுங்கள். யாரும் மாட்டாத பிரமாணங்களுக்குத்தான் அட்டை. பெயர்களை மட்டும் விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

ஜூன் 23

ஒரே மேசையில் படித்தால்தான் ஏறும் என்று ஒருவர் சாதிக்கிறார். 1975இல் கோடனும் பாட்லியும் சுழியோடிகளை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டுகிறார்: நீருக்கடியில் படித்த சொற்கள் நீருக்கடியில் நன்றாக நினைவு வந்தன. அதே சோதனையை மறுபடி செய்து 2021இல் வெளியிட்டவருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எப்படியும் நாம் பரீட்சை எழுதப்போவது ஏதோவொரு பாடசாலை மண்டபத்தில், பிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க. சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ போகிறேன். வீட்டில் பாண் ஆட்டோ ஒரே இசையை வாசித்துக்கொண்டு வரும்; அது கேட்டால் மனம் மாலுப்பாணுக்குப் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் கை. ஆண்டுக்கணக்காகத் தட்டச்சுதான். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் விரல் விறைத்துவிட்டது, எழுத்து எறும்பு ஊர்ந்தது போலாயிற்று. நினைவாற்றலுக்கு இவ்வளவு பேசினோம், பேனை பிடிப்பதை மறந்துவிட்டோம். இப்போது ஞாயிறுதோறும் மணிக்கூடு வைத்து ஒரு முழு வினாத்தாள், சி.ஆர். கொப்பியில், கையால். தாமதமாகத் தொடங்குபவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஜூலை 14

கடைசி வாரம். புதிதாக ஒன்றும் தொடவில்லை. பழைய வினாத்தாள், தகரத்தின் முதல் அறை, பத்து மணிக்குப் படுக்கை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது நித்திரையில்தான். விடிய விடிய விழித்துப் படிப்பவர்கள் அந்த வேலைக்கு ஆளில்லாமல் செய்துவிடுகிறார்கள். கணவர் இப்போது தானாகவே வந்து "கேள்விப்பத்திரம் சொல்லு" என்கிறார். ஏதோ பயம்.

ஜூலை 22

எழுதிவிட்டேன். நட்டத்தைப் பற்றி வினா வந்தது, மடிக்கணினி கைகொடுத்தது. நிதி அதிகாரக் கையளிப்பும் வந்தது, அரைகுறையாக எழுதினேன். பெறுபேறு வர மாதங்களாகும்.

அட்டைகளைத் தர முடியுமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். தரலாம், ஆனால் அவை என் கோப்புகளுக்கும் என் மறதிக்கும் வெட்டிய அட்டைகள். "அந்த மடிக்கணினி வாரம்" என்ற குறிப்பு உங்களுக்கு என்ன சொல்லும்? அதோடு தகரம் இப்போது மகள் வசம். வரலாற்றுப் பாடத்துக்காக விளிம்புகளில் இருந்த வெற்றிடத்தையெல்லாம் நிரப்பிவிட்டாள். கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு அழைப்பிதழ் வேண்டுமானால் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்குப் பெரிய கத்தரிக்கோல் வேண்டும்.